தொட்டியை ஒருசந்தி இருக்க வைத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை லூர்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டபோது, நான் ஆலையில் அந்தத் தொட்டியின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "வாணி, அண்ணே போயிட்டாருலா. தூக்கத்துலயே" என்றார். அவருடைய கணவர் ஞானப்பிரகாசம் அண்ணன் என்னோடு பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல், அடக்கம் எப்போது என்று அலுவலகக் கடிதம் போலக் கேட்டேன். மனசாட்சி உறுத்தும்போது எனக்குக் குரல் அப்படித்தான் விறைத்துவிடும்.

அண்ணனைத் தெரிந்த உங்களில் பலருக்கு எங்கள் கோழி ஆலையும் தெரிந்திருக்கும். ஈப்போவுக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம். வெட்டிய கோழிகளின் இரத்தம், குடல், கொழுப்பு எல்லாம் காற்றுப் புகாத பெரிய தொட்டிக்குள் போகும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிவாயு தரும். இறகு பிடுங்குவதற்கான வெந்நீர் அந்த வாயுவில்தான் காய்கிறது. தொட்டிக்குத் தீனி போடுவது அண்ணனின் வேலை. அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் நான். பட்டம் என்னிடம் இருந்தது, மூக்கு அவரிடம் இருந்தது. ரப்பர்பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்றில் தொட்டி நீரை எடுத்து, தினமும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அன்றைய அளவைச் சொல்வார். நான் கருவியை வைத்து அளந்து வருவதற்குள் தேநீர் குடித்து முடித்திருப்பார். "அதுக்கு வாய் பெருசு, வயிறு சின்னதுலா" என்பார்.

போன ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம், கோழி வெட்டு இரண்டு மடங்காகிவிட்டது. அண்ணன் நோயாளி மாமியாரைப் பார்க்க இரண்டு நாள் விடுப்பில் தெலுக் இந்தான் போயிருந்தார். தான் வரும்வரை தீனியைக் கூட்ட வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் கழிவு சேரும் குழி விளிம்புவரை வந்துவிட்டது. கணக்குப் போட்டேன், தாங்கும் என்று தோன்றியது. யாரும் இல்லாத மதிய இடைவேளையில் நானே அடைப்பானைத் திறந்து, குழியிலிருந்த இரத்தத்தையும் கொழுப்பையும் முழுவதும் உள்ளே அனுப்பினேன். குழாயைக் கழுவிச் சுருட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மூன்றாம் நாள் தொட்டி புளித்து, நுரை பொங்கி வாயுக் குழாயை அடைத்துக்கொண்டது. நாற்றம் பக்கத்துக் குடியிருப்புவரை போனது. மேலாளர் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். தான் ஊரிலேயே இல்லை என்றார் அண்ணன். விடுப்பை ஈடுகட்ட முன்கூட்டியே மொத்தமாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று மேலாளர் முடிவு கட்டினார். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. அண்ணன் ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். அவருடைய கவனக்குறைவு என்று அறிக்கை எழுதப்பட்டது.

தொட்டியைத் தேற்றியதும் அவர்தான். அப்போது தவக்காலம், அவரே மதியம்வரை பச்சைத் தண்ணீரோடு ஒருசந்தி இருந்தார். "நம்மளோட சேந்து இதுவும் ஒருசந்தி இருக்கட்டும், வாணி" என்று சொல்லித் தீனியை அடியோடு நிறுத்தினார். மாடு வளர்ப்பவர் ஒருவரிடம் சாணி வாங்கித் தன் வேனிலேயே கொண்டுவந்து கரைத்து ஊற்றினார். சோடா மாவு கலந்தார். ஈஸ்டர் கழிந்த வாரம் அடுப்பில் நீலத் தீ நின்று எரிந்தது. அதற்கடுத்த வாரம் அவரைக் கூடை கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கோழையாக இருந்தேன் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது.

அடக்கம் முடிந்து கோயில் வாசலில் லூர்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். தொட்டி விஷயத்தை அவரே எடுத்தார், சண்டைக்கு அல்ல. "நீங்கதான் தொறந்து விட்டீங்கன்னு மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டாரு. நீங்க இடது கைக்காரங்க இல்லையா, குழாய் மறுபக்கமா சுத்தியிருந்துச்சாம். ஏன் கேக்கலன்னு கேட்டேன். கேட்டா வாணி உடனே ஒத்துக்குவாங்க, அப்பறம் அவங்க வேலை போயிரும்னாரு."

திங்கட்கிழமை மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அறிக்கையில் அண்ணன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதச் சொன்னேன். இனி எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். அதனால் அண்ணனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். ஓராண்டு முழுக்க அந்த மனிதர் கூடை கழுவினார், நான் தாண்டிப் போகும்போதெல்லாம் சாப்பிட்டாச்சா என்று கேட்டார்.

அவருடைய மங்கு இப்போது என் மேசையில் இருக்கிறது. இன்னொன்றும் வைத்திருக்கிறேன்: கேட்டால் நான் உடனே ஒப்புக்கொள்வேன் என்று அவர் நம்பிய நம்பிக்கை. கேட்டிருந்தால் இல்லையென்றுதான் சொல்லியிருப்பேன், அண்ணே.