ரோசோ வீட்டுக் கஷ்கொட்டை

ஒப்துலியாவிடம் ஒட்டுக்குச்சி கேட்டு வாங்கியவர் எங்கள் ஊரில் ஒருவரும் கிடையாது. பசு கன்று போடத் திணறுகிறது என்று கூப்பிட்டால் சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவாள். என் வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து கிடந்தபோது என் சாராயக்கடையை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டவள் அவள்தான். ஆனால் அவளிடம் போய், "உன் மரத்துலேருந்து ஒரு குச்சி வெட்டிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. சாமி வந்துவிடும்.

இந்த அஸ்தூரியாஸ் மலைப்பக்கம் கஷ்கொட்டைக் குச்சி கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லுவதில்லை. பிப்ரவரியில் நல்ல மரத்தில் குச்சி வெட்டி, ஈர மணலில் புதைத்து வைத்து, ஏப்ரலில் காட்டுக் கன்றின் மேல் ஒட்டுக்கட்டினால் அதே காய் கிடைக்கும். விதை போட்டு முளைக்கிறது தாயைப் போல வராது. அதனால் ஒருவர் வீட்டுக் குச்சி இன்னொருவர் வீட்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். ரோசோ வீடு மட்டும் தராது. ரோசோ என்பது ஒப்துலியாவின் வீட்டுப் பெயர். அவள் தாத்தா தரவில்லை, அப்பா தரவில்லை, கல்யாணம் காட்சி இல்லாமல் ஏழு பசுக்களோடு தனியாக இருக்கும் அவளும் தரவில்லை.

அந்தக் காய் அப்படி. மற்ற மரங்கள் முள்ளுறையை வாய் பிளக்க அக்டோபர் கடைசி ஆகும். ரோசோ வீட்டு மரம் மாதம் பிறந்ததுமே கொட்டத் தொடங்கிவிடும். உள்தோல் ஒரே இழுப்பில் கழன்று வரும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கஷ்கொட்டையும் பன்றிக் கறியும் போட்டுக் குழம்பு வைக்கிறவள் நான். மற்ற காயை உரித்து உரித்து நகக்கண் கிழிந்த எனக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மரம் நிற்பது ஊர்ப் பொதுக்காட்டில். எங்கள் முறையில் மண் ஊருக்கு, மரம் நட்டவன் வீட்டுக்கு. மரத்துக்கு உயிர் உள்ளவரை உரிமை உண்டு; செத்தால் இடம் ஊருக்குத் திரும்பிவிடும். ஊர் அந்தக் காட்டை, கரடிகளைப் பாதுகாக்கிற கரடிச் சங்கத்தின் பொறுப்பில் விட்டபோதும் இதை மாற்றவில்லை. சங்கத்துக்காரர்கள் காட்டுச் செர்ரி நடுகிறார்கள், வேட்டைக்காரர்களை உள்ளே விடுவதில்லை. யாராவது ஒருவருடைய மரம் செத்துவிட்டால் அந்த இடத்தில் கரடிக்கும் மானுக்கும் என்று காட்டு மரம் வைப்பார்கள். பிறகு அங்கே மனிதர் யாரும் காய் பொறுக்கக் கூடாது.

அக்டோபர் பிறந்தால் ஒப்துலியாவுக்கும் ஒரு பெண் கரடிக்கும் அந்த மரத்தடியில்தான் வேலை. கரடி இருட்டோடு வந்து போகும். இவள் விடிந்ததும் நீளக் கழியோடு போய் அடித்து உதிர்த்து, மர இடுக்கியால் முள்ளுறைகளைப் பொறுக்கி, கல்லால் கட்டிய வட்டப் பட்டிக்குள் கொட்டி, பன்றி மோப்பம் பிடிக்காமலிருக்கப் பெரணித் தழையைப் போட்டு மூடுவாள். கரடிக்கென்று தரையில் ஒரு பங்கை விட்டுவிட்டு வருவாள். பாசத்தால் இல்லை. விடாவிட்டால் அது மரத்தில் ஏறிக் கிளையை ஒடிக்கும்.

அவள் அப்பா இறந்தது ஒரு பிப்ரவரியில். சவப்பெட்டியைத் தூக்கிய நால்வரில் அடுத்த வீட்டு பெலார்மினோவும் ஒருவர். ஐந்தாறு வருஷம் கழித்து, அவருடைய புல்வெளி ஓரத்தில் நின்ற ஒரு கஷ்கொட்டை முதல் தடவையாகக் காய்த்தது. அக்டோபர் முதல் வாரத்திலேயே கொட்டியது. ஒப்துலியா அங்கே போய் ஒரு காயைப் பொறுக்கி, உரித்து, தின்று பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள். பெலார்மினோ சீட்டாடிக்கொண்டிருந்தார்.

"யோவ், எங்க மரத்துலேருந்து எப்ப குச்சி திருடுன?"

"நானா? காட்டுக் குருவி ஏதாச்சும் காயக் கொண்டாந்து போட்டிருக்கும்மா. முளைச்சிருச்சு. நான் என்ன பண்ண?"

"குருவி ஒட்டுக் கட்டுமாய்யா? முழங்கா உசரத்துல தழும்பு தெரியுதே!"

"அது என் ஆடு கடிச்சது."

கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அவர் திருட்டுப்பய. பேச்சுவார்த்தை நின்றது. என்னிடம் சொல்வதுபோல ஜாடையில் குத்துவாள்: "நியெவெஸ், திருட்டுப்பய உக்காந்த நாற்காலிய எனக்குப் போடாத. துணியில ஒட்டிக்கும்." அவரும் விடமாட்டார்: "நியெவெஸ், குருவிக்கு ஒரு கிளாஸ் ஊத்து, என் கணக்குல." இப்படியே பதினெட்டு வருஷம் ஓடியது. எனக்கு வியாபாரம் கெடாதவரை நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ரோசோ வீட்டு மரத்துக்குப் பட்டை நோய் வந்தது. பட்டை வெடித்து, வெடிப்பில் செம்மஞ்சளாகப் புள்ளி வைத்தது. உச்சிக் கிளைகள் கோடையிலேயே காய்ந்தன. அந்த நோயைத் தெரியாதவர் இங்கே இல்லை, அவளுக்கும் தெரிந்தது. பச்சைக் கிளை இருக்கும்போதே நாலு குச்சி வெட்டிப் பத்திரப்படுத்தியிருக்கலாம். அவள் செய்யவில்லை. குச்சி வெட்டுகிறாள் என்றால் மரம் சாகப்போகிறது என்று ஊர் பேசும், சாகிறது என்று தெரிந்தால் சங்கம் காட்டு மரக்கன்றோடு வந்து நிற்கும் என்று பயந்தாள். அதனால் நோயையே மறைத்தாள். அடிமரத்தைச் சுற்றிப் பெரணிக் கட்டுகளைச் சாத்திவைத்தாள். காய்ந்த கிளைகளை அறுத்துத் தள்ளிவிட்டுப் பழியைக் கரடி மேல் போட்டாள். என் தோழிதான், ஆனாலும் சொல்கிறேன், கூறுகெட்ட வேலை.

சங்கத்தின் காவலன் சுர்தே, நகரத்துப் பையன், நல்லவன். வந்து கீழே கிடந்த கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, நகத் தடமே காணோமே."

"உன் கரடி கையுறை போட்டுக்கிட்டு வந்திருக்கும்."

"வெட்டுன மாதிரி மழமழன்னு இருக்கேக்கா."

"ரம்பமும் கொண்டாந்திருக்கும். என்னையக் கேட்டா? நீதான அத வளக்குற!"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அடுத்த வசந்தத்தில் காடு முழுக்கத் துளிர்த்தது. அந்த மரம் மட்டும் துளிர்க்கவில்லை. ஒரு கிளையில்கூட இலை இல்லை. அவள் குச்சி குச்சியாக நகத்தால் கீறிப் பார்த்தாளாம். எல்லாம் உள்ளே பழுப்பு.

சுர்தே பெரணிக் கட்டுகளை விலக்கிப் பார்த்தான். அடியைச் சுற்றி, வேரிலிருந்து பத்துப் பதினைந்து தளிர்கள் விறைப்பாக எழுந்திருந்தன.

"அக்கா, வேரு உசுரோட இருக்கு. எடம் உங்களோடதுதான். நாங்க யாரும் கேக்க மாட்டோம். முன்னாடியே சொல்லியிருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்."

"இது ஒட்டுக்குக் கீழ வந்ததுடா. வெறும் காட்டு மரம்."

"கரடிக்கு அது போதும்க்கா."

"நான் கரடியாடா?"

அன்று மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் ஊற்றிய ஆப்பிள் கள்ளைத் தொடவில்லை. "எடத்தக் காப்பாத்தப் போயி காயக் கொன்னுட்டேன், நியெவெஸ். அப்பா என்னைய நம்பி விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். அந்தக் காய் இனிமே உலகத்துலேயே இல்ல," என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். புல்வெளி ஓரத்து மரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லி அடி வாங்குகிற தைரியம் எனக்கு இல்லை.

சொன்னது கரடிதான். அக்டோபர் முதல் வாரம் சுர்தே தன் போனைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினான். காட்டில் ஆங்காங்கே மரத்தில் கேமரா கட்டியிருக்கிறார்கள். கரடி வழக்கம்போலச் செத்த மரத்தடிக்கு வந்தது. தரையை முகர்ந்தது. மேலே அண்ணாந்து பார்த்தது. பிறகு திரும்பி நடந்தது.

"அடுத்த கேமரா பாருங்க. வழியில எத்தன மரம் நிக்குது, ஒண்ணையும் அது சீண்டல. நேரா கீழ எறங்கி எங்க போச்சுன்னு சொல்லுங்க பாப்போம்," என்றான்.

புல்வெளி ஓரத்தில், பெலார்மினோவின் மரத்தடியில், கரடி சட்டமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது.

ஒப்துலியா போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "கரடிக்கே தெரிஞ்சிருக்கு," என்று மட்டும் சொன்னாள். மூலை மேசையில் பெலார்மினோ குலுக்கிய சீட்டையே மறுபடியும் மறுபடியும் குலுக்கிக்கொண்டிருந்தார்.

குச்சி வெட்டும் பருவத்துக்கு இன்னும் நாலு மாசம் இருந்தது. அந்த நாலு மாசமும் அவள் தனக்குள்ளேயே மல்லுக்கட்டினாள். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஊரே என் கடையில் நிறைந்திருந்தபோது வந்தாள். நேராக மூலை மேசைக்குப் போனாள்.

"பெலார்மினோ," என்றாள். அவள் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. "உன் மரத்துலேருந்து எனக்குக் குச்சி வேணும்."

அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தாராளமா வெட்டிக்கம்மா. குருவி போட்ட மரந்தான. யாரு கேட்டாலும் குடுப்பேன்."

வேறு யாராக இருந்தாலும் சரி என்று போயிருப்பார்கள். அவள் நகரவில்லை.

"குருவி போட்டதுன்னா எனக்கு வேணாம். எதையோ ஒட்டி வச்சுட்டு எங்க வீட்டுக் காய்ன்னு என்னைய நானே ஏமாத்திக்க முடியாது. எனக்குத் தெரிஞ்சாகணும். திருடுனேன்னு சொல்லு."

"இத்தன பேர் முன்னாடியா?"

"இத்தன வருஷமும் இத்தன பேர் முன்னாடிதான இல்லவேயில்லன்ன? சொல்லுய்யா. உன் கால்ல வேணும்னாலும் விழுறேன். நீ திருடனா இருந்தாத்தான் எங்க மரம் பொழைக்கும்."

குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. பெலார்மினோ சீட்டைக் கீழே வைத்தார். காது மடல் சிவந்திருந்தது.

"திருடுனேன்."

"எப்ப?"

"அது வேணாம்மா, விடு."

"எப்பய்யா?"

"உங்கப்பாவ அடக்கம் பண்ண அன்னைக்கு." அவர் மேசையைப் பார்த்துத்தான் சொன்னார். "மூணு தடவ கேட்டுப் பாத்தேன் அவர்கிட்ட. மூணு தடவையும் தொரத்திவிட்டாரு. அன்னைக்கு ஊரே மாதா கோயில்ல இருந்துச்சு, காட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. மூணு குச்சி வெட்டுனேன். எறங்கறப்ப மணி அடிச்சிட்டாங்க. வீட்டுக்குப் போய் வைக்க நேரமில்ல, கோட்டுக்குள்ள சொருகிக்கிட்டு ஓடி வந்தேன்."

"கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டா அப்பாவத் தூக்குன?"

"ஆமா."

"கல்லறை வரைக்கும்?"

"கல்லறை வரைக்கும். இங்க குத்திக்கிட்டே இருந்துச்சு," என்று நெஞ்சுக்கு இடப்பக்கம் கையை வைத்துக் காட்டினார்.

கையில் கிடைத்ததை எடுத்து வீசப்போகிறாள் என்று நான் கண்ணாடிக் கிளாஸ்களை ஓரமாக நகர்த்தினேன். அவள் அப்படியே நின்றாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"யாருக்கும் குடுக்கலங்கிற திருப்தியோடதான் அப்பா போனாரு," என்றாள். "அவரத் தூக்கிட்டுப் போனவன் கோட்டுக்குள்ளயே இருந்திருக்கு." பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள், "மூணும் புடிச்சுதா?"

"ஒண்ணுதான்."

"நீ கட்டுன லட்சணம் அப்படி. நாளைக்குக் காலையில வர்றேன். கத்திய நான் கொண்டாரேன், உன் கத்தி துருப்புடிச்சிருக்கும்." என் பக்கம் திரும்பினாள். "நியெவெஸ், அந்த நாற்காலிய இங்க போடு."

பெலார்மினோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு யாரிடமும் காசு வாங்க மறந்துபோனேன்.

ஏப்ரலில் ஒட்டுக்கட்டியபோது நானும் காட்டுக்குப் போயிருந்தேன். சுர்தேயும் வந்திருந்தான். அவன் கேட்கவில்லை; அவளாகவே மணலிலிருந்து இரண்டு குச்சியை எடுத்து அவனிடம் நீட்டினாள். "இந்தா, உன் கரடிக்கு. மேல காட்டுல எங்கயாச்சும் கட்டிக்க. எங்க மரத்துப் பக்கம் வரக் கூடாதுன்னு அதுகிட்ட சொல்லி வை," என்றாள்.

பிறகு குனிந்து, வேர்த்தளிர்களில் தடித்த மூன்றை நிறுத்திவைத்துக்கொண்டு மற்றதை அறுத்தாள். தளிரைப் பிளந்து குச்சியைச் செருகிவிட்டு, கட்டுவதற்குத் துணி கேட்டாள். பெலார்மினோ கையோடு ஒரு பழைய கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்திருந்தார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். இடப்பக்கத்து உள்துணியை நீளமாகக் கிழித்து, மூன்றையும் இறுக்கிக் கட்டினாள்.