இருப்புக்கொள்ளாத தில்சரா

நேபாள மலையூரான காந்த்ருக்கில் தில்சராவின் விடுதிக்கும் என் விடுதிக்கும் நடுவே கல் பாவிய பாதை ஒன்றுதான். முதுகில் பையோடு மலையேறுகிறவர்கள் எல்லோரும் அதன் வழியாகத்தான் போவார்கள். பூட்ஸ் சத்தம் கேட்டால் நான் அடுப்பைப் பார்ப்பேன்; தில்சரா பாதையைப் பார்ப்பாள். "அடுத்து எந்த ஊருக்குப் போறீங்க?" என்று விருந்தாளிகளைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்த ஊர்கள் எதையும் அவள் பார்த்ததில்லை.

பதினாறு வயதில் கல்யாணம். புருஷன் கர்க்கபகதூர் இந்தியப் பட்டாளத்தில் இருந்தார். அவர் ஓய்வுபெற்று வரும்வரை மாமியார், பிள்ளைகள், எருமை, விடுதி எல்லாம் அவள் தலையில். பிறகு பிள்ளைகள் போகரா நகரத்துக்குப் படிக்கப் போனார்கள். மாமியார் காலமானார். கர்க்கபகதூர் வெயிலில் நாற்காலி போட்டு ரேடியோ கேட்டார். தில்சராவோ துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள்.

ஒரு மாசியில், ஆள் வரத்து குறைந்திருந்த நேரம், என் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"கிளம்புடி. கோப்ரா மேடு வரைக்கும் ஊர் ஊரா நடந்துட்டு வரலாம்."

"எதுக்கு?"

"வெள்ளைக்காரங்கல்லாம் எதுக்குப் போறாங்க? அதுக்குத்தான்."

மளிகைக்கடை ஓம்களியும் சேர்ந்துகொண்டாள். விருந்தாளிகள் விட்டுப்போன பழைய பைகளில் போர்வையும் அவலும் உப்புக்கண்டமும் அடைத்துக்கொண்டு மூவரும் கிளம்பினோம். போன ஊரிலெல்லாம் எங்களைச் சுமைகூலிகள் என்று நினைத்து ஒரே கேள்வி: "யாரோட சுமை இது? ஆளுங்க பின்னாடி வர்றாங்களா?"

"நாங்கதான் ஆளுங்க. டீயைப் போடு," என்பாள் ஓம்களி.

டீ ஆறும் முன்பே தில்சரா பையை மாட்டிக்கொண்டு நிற்பாள். "உன் கால்ல யாராவது நெருப்பு வெச்சிருக்காங்களா?" என்று ஓம்களி கத்துவாள். தில்சரா அதற்குள் அடுத்த வளைவில் இருப்பாள்.

மேட்டுக்குச் சற்றுக் கீழே சிறிய விடுதி ஒன்றில் பனி எங்களைப் பிடித்துக்கொண்டது. நடத்தியவள் கிம்மாயா என்ற இளம்பெண். வெளியே பாதையே தெரியவில்லை. ஓம்களியும் நானும் அடுப்போரம் சீட்டாடினோம். தில்சரா கதவைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள். அப்புறம் சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கிம்மாயா அவள் கையிலிருந்து சட்டியை வாங்கினாள். "அக்கா, காசு குடுத்துத் தங்கறீங்க. போய் உக்காருங்க."

"உக்காரத் தெரியலம்மா எனக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது முழங்கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன. "சும்மா உக்காந்தா யாரோ வந்து திட்டப்போற மாதிரியே இருக்குடி," என்றாள் என்னிடம். ஓம்களி சீட்டைக் கீழே வைத்துவிட்டாள். கிம்மாயா நான்கு கோப்பைகளில் கோதோ என்கிற கேழ்வரகுச் சாராயம் ஊற்றினாள்.

பனி விட்டதும் மேட்டுக்கு ஏறினோம். எதிரே தவுளகிரிப் பனிச்சிகரம் கண்ணைக் கூசவைத்தது. தில்சரா அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு மேற்கே, ஆற்றுக்கு அப்பால் சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஊர்களையே பார்த்தபடி நின்றாள்.

கீழே ஸ்வாந்தா என்ற ஊருக்கு இறங்கியதும் வீட்டுக்குத் திரும்ப ஜீப் பேசினோம். தில்சரா ஏறவில்லை. டீக்கடையில் நின்று கர்க்கபகதூருக்குப் போன் போட்டாள்.

"நான் ஆத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போயிட்டு வரேன்."

"தனியாவா? எப்ப வருவ?"

"தெரியல."

"விருந்தாளி வந்தா யாரு சமைக்கிறது?"

"அரிசி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்." அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "பதினேழு வருஷம் நீங்க போயிட்டுப் போயிட்டு வந்தீங்க. எப்ப வருவீங்கன்னு கேட்டேனா?"

மறுபக்கம் ரேடியோவை அணைக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. "கம்பளி சாக்ஸ் இருக்கா?" என்றார்.

பங்குனிக் கடைசியில், மலை முழுக்கச் சிவப்பாகப் பூத்த பிறகுதான் வந்தாள். முகம் கறுத்து, மெலிந்திருந்தாள். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாளாம். நாய் துரத்தி ஓடையில் விழுந்தாளாம். மகர் இனத்தார் வீடு ஒன்றில் காய்ச்சலில் கிடந்தபோது, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒருத்தி கஞ்சி ஊட்டினாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "படுத்தே கிடந்தேன்டி. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

கர்க்கபகதூர் படியிறங்கி வந்து அவள் பையைக் கழற்றி வாங்கினார். "இவ்வளவு கனமா?" என்றார். உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அவளுக்கு அந்தப் பரபரப்பு தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். இப்போதும் மாசி வந்தால் போய்விடுகிறாள். சில வருஷம் ஓம்களியோடு, சில வருஷம் தனியாக. என் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அந்த நாட்களில் அவள் விடுதியில் தங்குகிறவர்கள் கர்க்கபகதூர் சமைத்த, உப்புக் கூடிய பருப்பைச் சாப்பிட்டுவிட்டு, வீட்டம்மா எங்கே என்று கேட்பார்கள்.

"நடக்கப் போயிருக்கா," என்பார் கர்க்கபகதூர். எங்கே என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.