முப்பது நிமிட இருட்டு

கீ... கீ... கீ...

மூன்றாவது மாடிச் சோதனைக்கூடத்தின் ஃப்ரீஸர். கட்டடத்து வாசலில் நின்றாலே அதன் அலாரம் காதைத் துளைத்தது.

"எப்பலேர்ந்து கத்துது?" என்று கேட்டாள் அவள்.

"காலையிலேர்ந்தே மேடம்" என்றார் காவலாளி. "லிஃப்ட்டுதான் மக்கர் பண்ணுதுன்னு விட்டுட்டேன்."

"இங்க லிஃப்ட்டே கிடையாதே."

"அதான் மேடம், எனக்கும் சந்தேகம் வந்து உங்களுக்கு போன் போட்டேன்."

பேய் வர நடுராத்திரி வேண்டும் என்பார்கள். இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்றரை மணிக்கு. கட்டிய கதையாக இருந்தால் மழையும் மின்னலும் துணைக்கு வந்திருக்கும். நடந்த விஷயம் என்பதால் வெளியே சுள்ளென்று வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாகப் பரிசோதனை செய்பவள் அவள். எல்லோருக்கும் 'அக்கா'. மூச்சிரைக்க ஏறிப்போய் அலாரத்தை அணைத்தாள். மைனஸ் எண்பது டிகிரியில் இருக்கவேண்டிய ஃப்ரீஸர் பிளஸ் நாலு காட்டியது. கதவைத் திறந்தாள். சொட்டுச் சொட்டாக வடிந்தது. உள்ளே இருந்தவை முடிந்துபோன ஆய்வுகளின் மிச்சங்கள். போனால் யாருக்கும் நஷ்டமில்லை, அவளைத் தவிர.

கீழ்த்தட்டின் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய். மூடியில் '31'. அதுவும் உருகிவிட்டிருந்தது.

அது அவள் கணவர்.

ஆன்டிஆக்ஸிடன்ட் ஆய்வு ஒன்றுக்கு ஆரோக்கியமான ஆட்களின் ரத்தம் தேவைப்பட்டது. கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போக, அவளை அழைத்துப்போக வந்த மனுஷன், "நானும் ஆளுதானே" என்று கையை நீட்டினார். ஊசியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ரத்தத்தை வடிகட்டி எடுத்த தெளிந்த நீரில் மீந்ததுதான் இந்தக் குழாயில் இருந்தது.

சோதனை எளிமையானது. ஃப்ரீ ராடிக்கல் என்பது ஒரு எலக்ட்ரான் குறைந்துபோய், கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கித் திரியும் ஜாதி. தன்னிடம் இருப்பதைக் கொடுத்து அதைச் சாந்தப்படுத்துவது ஆன்டிஆக்ஸிடன்ட். கண்ணாடிக் குழாயில் அந்தப் பிடுங்கி ஊதா நிறத்தில் இருக்கும். கொடுப்பவர் கொடுத்துவிட்டால் மஞ்சளாகிவிடும்.

முப்பத்தொரு பேரில் அவர் ரத்தம்தான் கடைசி. நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு ஊதாவைத்தான் மாற்றியது.

"ரத்தம்கூட கஞ்சத்தனம் பண்ணுது" என்று அன்று வீட்டில் கேலி செய்தாள்.

"வீட்ல ஒருத்தி எல்லாத்தையும் பிடுங்கிட்டா, ரத்தத்துல மிச்சம் எங்கடி இருக்கும்?" என்றார் அவர்.

மறுவருடம் மாரடைப்பு. நாற்பத்தாறு வயது. அவள் வேலையில் இருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சங்களைக் கொட்டிவிடும்படி மேலிடம் சொன்னபோது இந்த ஒன்றை மட்டும் ஒளித்துவைத்தாள். மனசு தாங்காத நாட்களில் ஃப்ரீஸரைத் திறந்து பார்ப்பாள். போட்டோ வெறும் நிழல், இது அவரேதான்.

உருகியது மறுபடி உறைந்தாலும் பழையபடி ஆகாது. நாளைக்குள் கெட்டுவிடும். தன்னோடு வேலை செய்யும் சின்னவளுக்கு போன் செய்தாள்.

"எதையும் தொடாதீங்கக்கா. நான் வந்துடறேன்."

ஆனால் அவளுக்குப் பொறுக்கவில்லை. தொட்டியில் கொட்டுவதா இவரை? ஒரே ஒரு தடவை, கடைசியாக, அவர் ஏதாவது செய்வதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஊதாவை ஊற்றினாள். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க. மற்றதில் அவரை விட்டாள். மூன்றே சொட்டு. குழாயில் இருந்ததே அவ்வளவுதான்.

இனி முப்பது நிமிடம் இருட்டு. நடுவில் வெளிச்சம் பட்டால் நிறம் தானாகவே வெளுத்துவிடும், சோதனை பாழ். ஜன்னலில்லாத இருட்டறை ஒன்று அதற்கென்றே இருந்தது. வழக்கமாகக் குழாய்களை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். இன்று அவளும் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

கும்மிருட்டு. தன் கையே தெரியவில்லை. முதல் பத்து நிமிடம் அழுதாள். அப்புறம் அழக்கூடத் தெம்பில்லை.

அப்போதுதான்...

"க்ஹும்."

கதவுக்கு வெளியே. ஒரு செருமல்.

அவர் செருமுவது போலவே இருந்தது. ஒரு தடவை அவர் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றதில், அவள் பயந்துபோய்க் கையிலிருந்த குடுவையைப் போட்டு உடைத்திருந்தாள். அன்றிலிருந்து எங்கே நுழைந்தாலும் முன்கூட்டியே செருமுவார். அவள் பயப்படக்கூடாதாம்.

காவலாளியாக இருக்கும்.

"யாரு?"



கதவு திறக்கவில்லை. திறந்தால் வெளிச்சம் வந்திருக்கும்.

ஆனால்...

பக்கத்து ஸ்டூல் கிறீச்சிட்டது. ஆள் உட்காரும் கிறீச்.

விளக்கு ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில். விரல் அதன்மேல் போய் நின்றது. போட்டால் சோதனை போய்விடும்.

அவரும் போய்விடுவார்.

விரலை எடுத்துக்கொண்டாள்.

டிங்...

கண்ணாடியில் கண்ணாடி இடித்தது.

மூச்சுச் சத்தம். அவளுடையது அல்ல.

"நீங்களா?"

டிங்...

டைமர் அலறியது. விளக்கைப் போட்டாள்.

யாருமில்லை. ஸ்டூல் காலி. முதல் குழாய், போட்டபடியே ஊதா.

இரண்டாவது குழாய் மஞ்சள். பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஒரு மஞ்சளை அவள் பார்த்ததில்லை. ஊதா இருந்த அடையாளமே இல்லை. நிறத்தை அளக்கும் மீட்டரில் வைத்தாள். தொண்ணூற்றாறு. தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கை மாதிரி வெதுவெதுவென்று இருந்தது.

"இவ்வளவையும் எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். கேட்டதும் உடைந்துபோய் அழுதாள்.

சின்னவள் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. மேஜையைப் பார்த்தாள். மஞ்சளைப் பார்த்தாள்.

"இதுல என்னக்கா போட்டீங்க?"

"உன் மாமாவ."

சின்னவள் முகம் வெளிறியது. காலியாகக் கிடந்த '31' குழாயை எடுத்தாள். மூடியைத் திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்தாள்.

"இதுலேர்ந்தா எடுத்தீங்க? நிச்சயமா?"

"வேற எதுலேர்ந்து? ஏன்டி, என்ன ஆச்சு?"

சின்னவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். 

"மாமாவோடது போன வருஷமே என் கை தவறிக் கொட்டிடுச்சுக்கா. நீங்க தாங்கமாட்டீங்கன்னு சொல்லல... வேற குழாய்ல அதே நம்பரை எழுதி, நான் அதுல ஊத்தி வெச்சது வெறும் தண்ணி."