சமத்து

குழந்தைகள் காப்பகத்தில் இருபது வருடமாக ஆயா வேலை பார்ப்பவளுக்கு அழாத பிள்ளை என்றால் உயிர். புதிதாகச் சேர்ந்த மூன்று வயதுக்காரி எதற்குமே அழமாட்டாள். "மத்ததெல்லாம் ஊதுற சங்கு, இது ஒண்ணுதான் சமத்து" என்பாள் ஆயா. அதுவே அந்தப் பிள்ளையின் பெயராகிவிட்டது.

பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுக்க வந்த ஆராய்ச்சிக்காரப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அது சமத்து இல்லக்கா, பயம். அழுதா அடி விழும்னு வீட்டுல பழகியிருக்கு."



மறுநாள் அந்தக் குழந்தை ஓடும்போது விழுந்து, முழங்காலில் ரத்தம் வந்தது. ஆயா அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதா கண்ணு? அழு. யாரும் திட்டமாட்டாங்க."

குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு ஆயாவின் முகத்தையே பார்த்தது.

"நான் சமத்துதானே, ஆயா?"