ஒப்பு என்று எழுதியவன்

ஐம்பதுகளில் ஓசூரில் நான் சரித்திர வாத்தியார். வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் நாட்டுச் சரித்திரம் மட்டும் பாடப்புத்தகத்தை விட்டுப் போகவில்லை. ட்யூடர் ராஜாக்கள் காலத்துக் கலகங்களை நடத்துவதென்றால் எனக்கு ஏகக் குஷி. பிரபுக்கள் மேய்ச்சல் நிலத்தை வளைத்து வேலி போட்டார்கள், ஜனங்கள் திரண்டு பிடுங்கினார்கள், தோற்றார்கள். இன்னொரு கலகத்தில், "மன்னித்தேன், வீட்டுக்குப் போங்கள்" என்று ராஜா சொன்னதை நம்பிக் கலைந்தார்கள். பிறகு தலைவர்களைத் தூக்கில் போட்டான். "மடப் பசங்க! வாயால சொன்னா போதுமா?" என்று மேசையைத் தட்டுவேன். வகுப்பே சிரிக்கும்.

பாகலூர்ப் பக்கம், அக்காவைக் கொடுத்த ஊரிலும் அதே கூத்து நடந்தது. ஊர் மாடுகள் மேய்ந்த புறம்போக்கை ஒரு பெரிய நிலக்காரர் வளைத்து முள்வேலி போட்டார். அக்கா புருஷன், எங்களுக்குப் பாவா, ஆட்களைத் திரட்டி ஒரே காலையில் அதை வெட்டித் தள்ளிவிட்டார். போலீஸ் வந்தது. கூட வந்த அதிகாரிக்குத் தமிழ் அரைகுறை. லீவில் அங்கே போயிருந்த என்னை எழுதக் கூப்பிட்டார்கள்.

அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். பிறகு உரக்கப் படித்தேன். "மேற்படியாருக்குச் சொந்தமான நிலத்தின் வேலியை நாசம் செய்ததை ஒப்புகிறோம்."

எங்கள் வீடுகளில் தெலுங்கு. தப்புக்கு எதிர்ச்சொல் எங்களுக்கு ஒப்பு. ஒப்பு என்றால் சரி, நியாயம். ஆபீஸ் தமிழில் மற்றது எதுவும் பாவா காதில் ஏறவில்லை.

"ஏம்ப்பா, வேலி வெட்டினது ஒப்புன்னா எழுதியிருக்குது?"

இல்லை பாவா, குற்றத்தை ஒத்துக்கொள்கிற ஒப்பு இது, நிலத்தையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கைநாட்டு வைத்தால் கேஸ் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். போலீஸ்காரர்கள் லத்தியோடு நின்றார்கள். எனக்கோ சர்க்கார் உத்தியோகம்.

"ஆமா பாவா. வைங்க."

"பாத்தீங்களாடா, ஒப்புன்னே எழுதிட்டாங்க!" என்று பாவா கூவினார். சனம் முண்டியடித்துக்கொண்டு வந்தது. பாவி நான், ஒவ்வொருவருக்கும் மைப்பெட்டியை நீட்டினேன்.

கோர்ட்டில் அந்தக் காகிதம்தான் சாட்சி. பாவாவை ஜெயிலில் போட்டார்கள். வேலி முன்னைவிட உயரமாக எழுந்தது. நிலம் வேலி போட்டவருடையதென்று ஊரே கைநாட்டு வைத்தாயிற்று, இனி யார் போய்க் கேட்பது? மறுவருஷம் அந்தப் பாடம் வந்தபோது புத்தகத்தில் இருந்ததை அப்படியே படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தீர்ப்பான வாரம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏரா, அவருதான் படிக்காதவரு. அந்தச் சொல்லு உனக்குமா தெரியல?"

"தெரியலக்கா."

அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதானே! தெரிஞ்சிருந்தா சொல்லாம இருந்திருப்பியா?"