டார்லாவின் ஐந்து சென்ட் காசு

எங்கள் பல் சீரமைப்பு கிளினிக்கில் டார்லா பத்தொன்பது வருஷமாக உதவியாளர். சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். சின்ன வயதில் முன்பல் ரெண்டும் உதட்டுக்கு வெளியே. ஏழு வயதிலேயே காட்டியிருந்தால் தாடை வளரும்போதே சரிபண்ணியிருக்கலாம். அவள் வீட்டில் கோதுமை அறுவடையை விட்டுவிட்டு ரெஜைனா நகரத்துக்கு நாலு மணி நேரம் யார் வண்டி ஓட்டுவது? வேலைக்கு வந்தபிறகு சொந்தச் சம்பளத்தில் கம்பி போட்டுக்கொண்டாள். கைப்பழக்கம் மட்டும் போகவில்லை.

அந்தப் பழக்கத்துக்குக் காரணம் கூடப் படித்த கிறிஸ்டா என்கிற ராங்கிக்காரி. நம் கனடா ஐந்து சென்ட் காசில், நீண்ட முன்பல்லால் மரத்தைக் கடித்துச் சாய்க்கிற பிராணியான பீவர் இருக்கிறதே, அந்தக் காசை டார்லா மேஜையில் உருட்டிவிட்டு, "இந்தா, உன் போட்டோ" என்பாளாம். வகுப்பே கெக்கலிக்கும். அதில் ஒரு காசை டார்லா பத்திரமாக வைத்திருந்தாள்.

போன மார்ச்சில் அதே கிறிஸ்டா ஏழு வயது மகள் ப்ரின்னைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். குழந்தைக்கு மேல்தாடை குறுகல். டார்லாவை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை!

வரவேற்பு மேஜையில் இருந்த நான் டார்லா காதைக் கடித்தேன். "ஃபாரத்தைத் தொலைச்சிடவா? ஒரு வருஷம் அலையட்டும்."

"சீ, அந்தப் புள்ள என்னடி பண்ணுச்சு? தாடை காத்துக்கிட்டு இருக்குமா? அம்மாக்காரிய மட்டும் எங்கிட்ட விடு."

உதட்டை இழுத்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் கொக்கியைப் பார்த்துக் குழந்தை மிரண்டால், பெற்றவர் முதலில் மாட்டிக் காட்டுவது எங்கள் வழக்கம். அப்போது எடுக்கிற போட்டோ வாசல் சுவரில் ஏறும். ப்ரின் மிரண்டாள். டார்லா இருப்பதிலேயே பெரிய கொக்கியை எடுத்தாள்.

"நல்லாத் திறங்க. இன்னும் கொஞ்சம்."

பல்லும் ஈறும் தெரிய, எச்சில் வழிய உட்கார்ந்திருந்தாள் கிறிஸ்டா. "ஐயோ அம்மா, உன் மூஞ்சி!" என்று ப்ரின் குலுங்கிச் சிரித்தாள்.

டார்லா குனிந்தாள். "என்னைத் தெரியலையா கிறிஸ்டா? நாலாம் வகுப்பு டார்லா."

கிறிஸ்டா கண் விரிந்தது. ஏதோ சொல்லப் பார்த்தாள். உதடு ஒட்டினால்தானே பேச்சு வரும்!

"மூட முடியலைல்ல? அந்த வயசுல எனக்கும் முடியாதுடி."

போட்டோ எடுத்தாள். சட்டைப் பையிலிருந்து அந்தக் காசை எடுத்து கிறிஸ்டாவின் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தா, உன் போட்டோ." வாய் கொள்ளாமல் சிரித்தாள். கை வாய்ப் பக்கமே போகவில்லை.

ப்ரின்னுக்குத் தாடை அழகாக விரிந்துகொண்டு வருகிறது. சுவரில் இருக்கிற படத்தை எடுக்கச் சொல்லி அவள் அம்மா மூன்று தடவை போன் பண்ணிவிட்டாள். கிளினிக்கில் போனை எடுக்கிறவள் நான்தான்.