நோன்பாளியின் சட்டைப் பையில் டொபி

சில வருடங்களுக்கு முந்திய நோன்பு மாதம். கல்முனையில், என் அரிசி ஆலையில் நடந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிளில் மீன் விற்றுத் தொடங்கி, யாருடைய தயவும் இல்லாமல் கட்டிய ஆலை அது. நாவிதன்வெளி நெல்லைக் கையில் அள்ளியதுமே ஈரம் சொல்வேன். இந்தப் பக்கத்தில் என்னை ஏமாற்ற இன்னும் ஒருவன் பிறக்கவில்லை.

சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வலி என்று எனக்கு மூன்று. மூன்றுக்கும் தனித்தனி டொக்டர்மார். மூவரும் நோன்பு வேண்டாம் என்றார்கள். சின்ன வயதிலிருந்து ஒரு நோன்பும் விடாதவனிடம் சொல்கிற கதையா அது? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு நாளைக்குரிய சீனிக் குளிசை எல்லாவற்றையும் விடியுமுன் சாப்பிடும் சஹருக்கே சேர்த்து விழுங்கினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று பின்னேரம், அசர் தொழுகை நேரம் நெருங்கும்போது நெல் மூட்டைகள் என்னைச் சுற்றி ஓடத் தொடங்கின. உடம்பெல்லாம் வியர்வை, கையில் நடுக்கம். ஆலைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து மனைவி ஓடிவந்து சீனித் தண்ணீரை வாயில் வைத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"உட்ட நோம்பப் பொறகு புடிக்கலாம். நீங்க மௌத்தாப் போனா நான் எங்க போய்ப் புடிக்கிற?" என்று அழுதுகொண்டே ஏசினாள். குடித்துவிட்டேன்.

மறுநாள் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். அங்கே இருந்த டொக்டர் ஒரு காரைதீவுப் பெண்பிள்ளை, என் கடைசி மகளின் வயதுதான் இருக்கும். ஏச்சு விழும் என்று பார்த்திருந்தேன். அவரோ மனைவியையும் பக்கத்தில் இருத்திவிட்டு, "வாப்பா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

அதுவரை எந்த டொக்டரும் அப்படிக் கேட்டதில்லை. "நோம்பு புடிக்கணும் மகள். ராவைக்குத் தராவீஹ்ல நிண்டு தொழணும்," என்றேன்.

மூன்று டொக்டர்மாரின் குளிசைகளையும் மேசையில் பரப்பச் சொன்னார். சஹருக்கு என்ன சாப்பாடு, எப்போது தூக்கம், எப்போது மூட்டை தூக்குவேன் என்று விசாரித்தார். பதில் எல்லாம் மனைவிதான் சொன்னாள்.

"சொல்லுக் கேக்கிற மனிசனில்ல, டொக்டர்."

"ஓம், முகத்தப் பாத்தாலே தெரியுது," என்று சிரித்தார்.

சில நாள் நோன்பை விட வைத்து, இரத்தம் பார்த்து, குளிசைகளைக் குறைத்து, நோன்பு திறக்கும் இஃப்தாருக்கும் சஹருக்குமாகப் பிரித்துத் தந்தார். பிறகுதான் பிடிக்கலாம் என்றார். ஒரு நிபந்தனை: சட்டைப் பையில் இனிப்புக்கு ஒரு டொபி மிட்டாய் இருக்க வேண்டும், நடுக்கம் வந்தால் நேரம் பார்க்காமல் வாயில் போட வேண்டும்.

நோன்பாளி பையில் டொபியா! மானம் போகும் என்று முனகினேன். போகத்தான் செய்தது. ஒருநாள் அசர் தொழுகையில் சுஜூதுக்குக் குனிந்தபோது, டொபி உருண்டு முன்வரிசைக்கே போய்விட்டது. சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் முன்னால் இருந்தவர் அதை எடுத்து, "ஹாஜியார், உங்கட மருந்து," என்று மெதுவாக என் கையில் வைத்தார்.

இப்போதும் நோன்பு வந்தால் மனைவிதான் என் பையில் டொபி போட்டுவிடுகிறாள். ஆலையைத் தனியாளாகக் கட்டினேன் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஆனால் நோன்பை மட்டும் நான் தனியாகப் பிடிப்பதில்லை.